இருமினால் கசிவு, நினைக்காத நேரத்தில் அனல்: மெனோபாஸ் காலத்துக் கேள்விகளும் பதில்களும்

இடுப்புத்தளத் தசைப் பயிற்சி கற்றுக்கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். என்னிடம் வரும் பெண்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஆனால் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்து, எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். சிறுநீர்க் கசிவும், திடீரென்று உடம்பில் சூடு பரவும் அனலும் ஒரே வயதில் வருவதால் இரண்டையும் ஒரே நோயாக நினைத்து, ஒன்றுக்குச் செய்வது மற்றதைக் கெடுத்துவிடுகிற கதையைத்தான் அதிகம் பார்க்கிறேன். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். மருந்துகளைப் பற்றிச் சொல்வதெல்லாம் மருத்துவரிடம் விவரம் தெரிந்து பேசுவதற்காக. நீங்களாக வாங்கிச் சாப்பிட அல்ல.

எனக்கு வந்திருக்கிறது மெனோபாஸ்தானான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

கடைசி மாதவிடாய்க்குப் பிறகு 12 மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் வராமல் இருந்தால் அது மெனோபாஸ். பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள் வரும். அதற்கு முந்தைய சில வருடங்களில் மாதவிடாய் முன்னே பின்னே வரும், அனல், தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் தலைகாட்டும். மாதவிடாய் இன்னும் வந்துகொண்டிருக்கும்போதே அனல் தொடங்குவதும் சகஜம்தான்.

45 வயதுக்கு மேல் இந்த அறிகுறிகள் இருந்தால் பொதுவாக ஹார்மோன் ரத்தப் பரிசோதனை தேவைப்படாது. அந்த அளவுகள் ஒவ்வொரு வாரமும் ஏறி இறங்கும். 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோனால் விஷயம் வேறு. எலும்பு, இதயம் இரண்டையும் பாதுகாக்க வேண்டியிருப்பதால் மருத்துவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இன்னொன்று: மாதவிடாய் தள்ளிப்போகிறது என்பதற்காகக் கருத்தடையை உடனே விட்டுவிடக் கூடாது. 50 வயதுக்கு மேல் என்றால் கடைசி மாதவிடாயிலிருந்து ஒரு வருடம், அதற்குக் கீழே என்றால் இரண்டு வருடம் தொடர வேண்டும்.

திடீர்னு நெஞ்சுலேர்ந்து முகம் வரைக்கும் சூடு ஏறுது, வேர்த்துக் கொட்டுது, அப்புறம் குளிருது. உள்ளே என்னதான் நடக்குது?

உடலின் வெப்பத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கும் இடம் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி. அங்கே இருக்கும் சில நரம்பு செல்களை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அடக்கி வைத்திருக்கும். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அவை அளவுக்கு மீறி வேலை செய்ய ஆரம்பிக்கின்றன. சாதாரணமாக உடல் வெப்பம் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் மூளை கண்டுகொள்ளாது. இப்போது அந்தச் சகிப்பு எல்லை சுருங்கிவிடுகிறது. மிகச் சிறிய ஏற்றத்தைக்கூட, உடம்பு கொதிக்கிறது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. உடனே தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, வியர்வையைத் திறந்துவிடுகிறது. முகம் சிவப்பதும் நனைவதும் அதனால்தான். தேவைக்கு மேல் வெப்பத்தை இழந்துவிடுவதால் பிறகு குளிர்கிறது. பெரும்பாலும் ஒன்று முதல் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும்.

ஆக, இது பயமோ படபடப்போ இல்லை. படபடப்பு கூடவே வரலாம், அவ்வளவுதான்.

இது எத்தனை நாளைக்கு?

நாள் கணக்கில் இல்லை, வருடக் கணக்கில். நான்கில் மூன்று பெண்களுக்காவது ஏதோ ஓர் அளவில் வருகிறது. அமெரிக்காவில் பல வருடங்கள் தொடர்ந்து நடந்த ‘ஸ்வான்’ ஆய்வில், அடிக்கடி அனல் வந்த பெண்களில் பாதிப் பேருக்கு அது 7.4 வருடங்களுக்கு மேல் நீடித்தது. மாதவிடாய் நிற்பதற்கு முன்பே தொடங்கியவர்களுக்கு இன்னும் நீண்டது. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. “ரெண்டு மாசம் பொறுத்துக்கோ, போயிடும்” என்று யாராவது சொன்னால் அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதற்காகத்தான்.

இருமினா, தும்மினா, சிரிச்சா யூரின் கசியுது. வயசானா இது சகஜம்தானே?

நிறையப் பேருக்கு இருக்கிறது என்ற அளவில் சகஜம். சகித்துக்கொண்டு போக வேண்டியது என்ற பொருளில் இல்லை.

சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் அடியிலிருந்து தாங்குவது இடுப்புத்தளத் தசைகள். முன்னே இருக்கும் எலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை ஒரு தொட்டில்போல இவை இருக்கின்றன. இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. அந்த நொடியில் இந்தத் தசைகள் இறுகிச் சிறுநீர்க் குழாயை மூட வேண்டும். கர்ப்பம், பிரசவம், நாள்பட்ட இருமல், மலச்சிக்கலில் முக்கி முக்கிப் பழகியது, அதிக எடை, வயதோடு தசை தளர்வது என்று பல காரணங்களால் அந்த மூடல் பலவீனமாகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் சிறுநீர்க் குழாயின் உட்சவ்வும் மெலிகிறது. அதாவது மெனோபாஸ் இதில் ஒரு பங்காளி. ஒரே குற்றவாளி அல்ல. அனலுக்கு நேர்க் காரணம் மூளையில், கசிவுக்குக் காரணம் இடுப்பின் அடியில். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பதில்கள் சுலபமாகப் புரியும்.

எனக்கு இருமினாலும் கசியுது, பாத்ரூம் கதவைத் திறக்கறதுக்குள்ளேயும் கசியுது. நான் எந்த வகை?

இரண்டும் கலந்த வகை. இருமல், தும்மல், தூக்குதல், குதித்தல் இவற்றோடு வருவது அழுத்தக் கசிவு. அது தசை சம்பந்தப்பட்டது. அடக்க முடியாத அவசரம் திடீரென்று வந்து, போய்ச் சேர்வதற்குள் கசிவது அவசரக் கசிவு. அதில் சிறுநீர்ப்பை தேவையில்லாத நேரத்தில் சுருங்குகிறது. இரண்டும் சேர்ந்து இருப்பது மெனோபாஸ் வயதில் மிகவும் சாதாரணம்.

வகை தெரிவது முக்கியம், ஏனென்றால் மருந்து மாறும். அவசரத்துக்குக் கொடுக்கும் மாத்திரை அழுத்தக் கசிவை நிறுத்தாது. அழுத்தக் கசிவுக்குச் செய்யும் அறுவை சிகிச்சை அவசரத்தைச் சரிசெய்யும் என்று நம்ப முடியாது. சிலருக்கு அதிகமாக்கிவிடவும் கூடும். உங்களுக்கு எது அதிகத் தொந்தரவோ அதை முதலில் கவனிப்பதுதான் வழக்கம்.

தண்ணியைக் குறைச்சிட்டா கசியாதுல்ல?

இதுதான் நான் அதிகம் மல்லுக்கட்டும் விஷயம். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகி, சிறுநீர்ப்பையை உறுத்தி, அவசரத்தை அதிகமாக்கும். மலம் இறுகும், முக்கினால் இடுப்புத்தளம் மேலும் தளரும். கிருமித் தொற்றுக்கும் வாய்ப்பு கூடும். போதாக்குறைக்கு, அனலில் வேர்த்துக் கொட்டும் உடம்பு ஏற்கெனவே நீரை இழந்துகொண்டிருக்கிறது.

ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் பானங்கள் பெரும்பாலானவர்களுக்குப் போதும். வெயிலிலும் உடலுழைப்பிலும் கூடுதலாக வேண்டும். இதய, சிறுநீரக நோய்க்காக அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் அளவு சரி. மூன்று நான்கு லிட்டர் குடிப்பவர்கள் மட்டும் குறைக்கலாம்.

இதோடு ஒட்டிய இன்னொரு பழக்கம், வெளியே கிளம்பும் முன் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அரை மணிக்கு ஒருமுறை போவது. சிறுநீர்ப்பை கொஞ்சத்துக்கே கூப்பிடப் பழகிவிடும். பகலில் மூன்று நான்கு மணி நேர இடைவெளி நியாயமானது.

காபி, டீயை அடியோடு விட்டுடணுமா?

அடியோடு வேண்டாம். காஃபீன் அவசரத்தைத் தூண்டும், சிலருக்கு அனலையும் தூண்டும். ஆனால் எல்லோருக்கும் இல்லை. இரண்டு வாரம் குறைத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் அப்படியே தொடருங்கள். தெரியாவிட்டால் ஒரு சின்னச் சந்தோஷத்தை எதற்கு விட வேண்டும்? காரம், மது, சூடான பானங்கள் இவற்றுக்கும் இதே கணக்குதான்.

கீகல் பயிற்சின்னு சொல்றாங்க. எந்தத் தசைன்னே புரியலையே?

அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948-இல் எழுதிப் பிரபலமாக்கியதால் அந்தப் பெயர். உள்ளே எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று பார்க்க அவர் ஒரு கருவியும் வைத்திருந்தார். கருவி மறந்துபோய்ப் பயிற்சியின் பெயர் மட்டும் மிஞ்சியது. சரியான தசையா என்று சோதித்துப் பார்ப்பதும் அதோடு சேர்ந்து மறந்துவிட்டது என்பது என் வருத்தம்.

தசையைக் கண்டுபிடிக்க: நாலு பேர் நடுவில் காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல ஆசனவாயைச் சுருக்குங்கள். கூடவே சிறுநீரை நிறுத்துவதுபோல முன்பக்கத்தையும் சுருக்கி, இரண்டையும் உள்ளே, மேலே இழுங்கள். வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது. மூச்சைப் பிடிக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் சுத்தமான விரலைப் பிறப்புறுப்பினுள் வைத்துச் சுருக்கிப் பாருங்கள். விரலைச் சுற்றி இறுகி மேலே தூக்குவதுபோல உணர வேண்டும். கீழே தள்ளுவதுபோல இருந்தால் முக்குகிறீர்கள் என்று பொருள். அது நேர்மாறான வேலை. உடனே நிறுத்திவிட்டு யாரிடமாவது கற்றுக்கொள்ளுங்கள். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்துவதைத் தசையை அறிய ஒருமுறை செய்யலாம், தினசரிப் பயிற்சியாகச் செய்யக் கூடாது.

பிறகு: சுருக்கி, முடிந்தவரை பிடித்து, முழுவதும் தளர்த்துங்கள். தொடக்கத்தில் மூன்று வினாடிதான் முடியும், போகப் போகப் பத்து வினாடி வரும். எட்டு முறையாவது இப்படி. அடுத்து, வேகமாகச் சுருக்கி உடனே விடுவது சில முறை. இதை ஒரு நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். தளர்த்துவதும் பயிற்சியில் பாதி. எப்போதும் இறுகியே இருக்கும் தசை இருமும்போது மேற்கொண்டு இறுக முடியாது. சுருக்கும்போது வலித்தால் பயிற்சியைக் கூட்டாமல், பயிற்சி தெரிந்த ஒருவரைப் பாருங்கள்.

கடைசியாக ஒரு சாமர்த்தியம். தும்மல் வரப்போகிறது என்று தெரிந்ததும், தும்முவதற்கு முன்பே தசையைச் சுருக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். கனமான எதையாவது தூக்கும் முன்பும் அப்படியே. தசை இன்னும் பலமாகாத நிலையிலேயே, சரியான நேரத்தில் சுருக்கினாலே கசிவு குறைவதைப் பலர் சில நாட்களில் பார்த்துவிடுகிறார்கள்.

மூணு வாரமா செய்யறேன். ஒண்ணும் தெரியலையே?

தெரியாது. தசை வளர மூன்று மாதம் வேண்டும். பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட தொகுப்பின்படி, அழுத்தக் கசிவு உள்ள பெண்களில் இந்தப் பயிற்சி செய்தவர்கள் குணமானதாகச் சொல்லும் வாய்ப்பு, எந்தச் சிகிச்சையும் எடுக்காதவர்களைவிட எட்டு மடங்கு. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் ஒருவர் சொல்லிக்கொடுத்து, திருத்தி, தொடர்ந்து பார்த்திருக்கிறார். வாய்வழிக் குறிப்பை வைத்து வீட்டில் செய்பவர்களில் பலர் தவறான தசையைச் சுருக்குகிறார்கள். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் பலனில்லை என்றால், பயிற்சி பொய் என்று முடிவுகட்டும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ரெண்டுமே சிசேரியன். அப்போ எனக்கு ஏன் கசியணும்?

சிசேரியன் ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. ஒன்பது மாதம் சுமந்த பாரத்தைத் தாங்கியதும் அதே தசைகள்தான். கர்ப்பமே ஆகாதவர்களுக்கும் கசிவு வருகிறது; முன்னே சொன்ன மற்ற காரணங்கள் போதும்.

வேகமா நடந்தா கசியுதுன்னு நடக்கறதையே விட்டுட்டேன். எடை வேற ஏறிடுச்சு.

அந்த வட்டத்தை உடைத்தால் இரண்டு தொல்லையும் ஒன்றாகக் குறையும். வயிற்றில் சேரும் எடை சிறுநீர்ப்பையை எந்நேரமும் அழுத்துகிறது. கூடுதல் எடை உள்ள பெண்களை வைத்து நடத்தி 2009-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஆறு மாதத்தில் உடல் எடையில் சராசரியாக 8 சதவீதம் குறைத்தவர்களின் வாராந்தரக் கசிவு 47 சதவீதம் குறைந்தது. ஒப்பீட்டுக் குழுவில் 28 சதவீதம்தான் குறைந்தது. எடை குறைந்த பெண்களுக்கு அனலும் குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. 80 கிலோ இருப்பவருக்கு 8 சதவீதம் என்பது ஆறரைக் கிலோவுக்குக் கீழேதான். எட்டாத இலக்கு இல்லை.

நடையை மெதுவாகத் தொடங்குங்கள். குதிப்பது, ஓடுவது, மூச்சைப் பிடித்துப் பாரம் தூக்குவது மட்டும் தசை பலமாகும் வரை இருக்கட்டும். பேட் வைத்துக்கொண்டு நடப்பதில் எந்த அவமானமும் இல்லை. சிறுநீர்க் குழாயைத் தாங்க உள்ளே வைக்கும் சிலிக்கான் வளையமும் இருக்கிறது. பெசரி என்பார்கள். மருத்துவர் அளவு பார்த்துத் தருவார். உடற்பயிற்சி நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

மாதவிடாய்க்கு வைக்கிற நாப்கினையே வெச்சுக்கலாமா?

அவசரத்துக்குச் சரி. தினமும் என்றால் சிறுநீர்க் கசிவுக்கென்று விற்கும் பேட் நல்லது. மாதவிடாய் நாப்கின் மெதுவாக வரும் அடர்த்தியான ரத்தத்துக்கானது. சிறுநீர் சட்டென்று நிறைய வரும். நாப்கின் மேற்பரப்பு ஈரமாகவே இருந்து தோலைப் புண்ணாக்கும். நனைந்ததும் மாற்றுங்கள். வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். மெனோபாஸுக்குப் பிறகு அந்த இடத்துத் தோல் மெல்லியது, சோப்பும் வாசனைத் திரவமும் எரிச்சலை ஏற்றும்.

ராத்திரி வேர்த்து எழுந்துடறேன், எழுந்தா பாத்ரூம் போகணும்னு தோணுது. தூக்கமே போச்சு.

பல நேரம் உங்களை எழுப்புவது சிறுநீர்ப்பை இல்லை, அனல். விழித்துவிட்டதால் போகத் தோன்றுகிறது. அதனால் ராத்திரிக் கணக்கில் அனலைக் கட்டுப்படுத்தினாலே பாத்ரூம் பயணமும் குறையலாம். படுக்க இரண்டு மணி நேரம் முன்பு குடிப்பதை நிறுத்துங்கள். அந்தத் தண்ணீரைப் பகலில் குடித்துவிடுங்கள். அடுக்கடுக்கான மெல்லிய பருத்தித் துணி, மின்விசிறி, மாற்றுத் துணி பக்கத்திலேயே. இவை அனலின் எண்ணிக்கையைக் குறைக்காது, அவதியைக் குறைக்கும்.

மாலையில் கால் வீங்குகிறவர்களுக்கு, படுத்ததும் அந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகும். மதியத்துக்கு மேல் கொஞ்ச நேரம் காலை உயர்த்தி வைத்தால் உதவும். பலமாகக் குறட்டை விட்டு, மூச்சுத் திணறி எழுகிறவர்கள் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் இரவில் சிறுநீரைக் கூட்டும்.

ஹார்மோன் எடுத்தா கேன்சர் வருமாமே?

மெனோபாஸில் குறையும் ஹார்மோனை மருந்தாகக் கொடுக்கும் சிகிச்சையைத்தான் கேட்கிறீர்கள். இந்தப் பயத்துக்கு ஒரு தேதி உண்டு. அமெரிக்காவில் ‘உமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற பெரிய ஆய்வின் ஒரு பகுதி 2002 ஜூலையில் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்து எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக்கட்டு கூடியிருந்தன. உலகம் முழுவதும் பெண்கள் மாத்திரையைத் தூக்கிப்போட்டார்கள். ஆனால் செய்தியில் அடிபடாத விவரங்கள் இரண்டு. மார்பகப் புற்றுநோயில் கூடியது ஒரு வருடத்தில் 10,000 பேருக்கு 8 பேர். ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. அனலுக்காக மருந்து கேட்கும் வயது அதுவல்ல. கருப்பை எடுக்கப்பட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை.

இன்றைய பொதுவான கருத்து: 60 வயதுக்குள், அல்லது மெனோபாஸ் வந்து 10 வருடத்துக்குள், வேறு தடை இல்லாத பெண்ணுக்கு, தொல்லைதரும் அனலென்றால் ஹார்மோனால் நன்மையே அதிகம். அனலுக்கு இதைவிடப் பலமான மருந்து இல்லை. நாலில் மூன்று பங்கு குறைக்கிறது. கருப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக் கூடாது. கருப்பையின் உட்சவ்வில் புற்றுநோய் வராமலிருக்க புரோஜெஸ்டின் வகை ஹார்மோனும் சேர வேண்டும். தோலில் ஒட்டும் பட்டை, ஜெல் ஆகியவற்றில் ரத்தக்கட்டு ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத ரத்தப்போக்கு, தீவிரக் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் பொதுவாக இது கொடுக்கப்படுவதில்லை.

அப்போ ஹார்மோன் எடுத்தா கசிவும் சேர்ந்தே நின்னுடும்தானே?

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். நிற்காது, கூடலாம். மேலே சொன்ன அதே ஆய்வில், ஹார்மோன் மாத்திரை எடுத்தவர்களில் முன்பு கசிவு இல்லாதவர்களுக்கும் புதிதாக அழுத்தக் கசிவு வந்தது, ஏற்கெனவே இருந்தவர்களுக்கு மோசமானது என்று 2005-இல் வெளியிட்டார்கள். எனவே கசிவுக்காக என்று ஹார்மோன் மாத்திரை தொடங்குவதில் பொருளில்லை. அனலுக்காக எடுக்கத் தொடங்கிய பிறகு கசிவு கூடினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது உங்கள் கற்பனை இல்லை.

பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் வேறு கதை. கிரீமாகவும் சிறு மாத்திரையாகவும் கிடைக்கிறது. ரத்தத்தில் மிகக் கொஞ்சம்தான் கலக்கும். வறட்சி, எரிச்சல், அவசரம், திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று இவற்றுக்கு நன்றாகக் கேட்கும். அழுத்தக் கசிவுக்குப் பயிற்சியோடு துணையாக உதவலாம். ஆனால் அது அனலைத் தொடாது.

எனக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது, ஹார்மோன் கூடவே கூடாதுன்னுட்டாங்க. அனலுக்கு வேற வழி?

வழிகள் இருக்கின்றன. மனச்சோர்வுக்கான வேனலாஃபாக்சின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகள் சிறு அளவில் அனலைக் குறைக்கும். உங்களுக்கு மனச்சோர்வு என்று மருத்துவர் நினைத்ததால் எழுதியதில்லை. கபாபென்டின் இரவு வியர்வைக்கு உதவும், கொஞ்சம் தூக்கம் வரும், தலைசுற்றலாம். மார்பகப் புற்றுநோய்க்கு டாமாக்சிஃபென் மாத்திரை எடுப்பவர்கள் கவனிக்க: பாராக்ஸிடின் என்ற மருந்து டாமாக்சிஃபென்னின் வேலையைக் குறைத்துவிடும். மருத்துவரிடம் உங்கள் மருந்துப் பட்டியல் முழுவதையும் காட்டுங்கள்.

மூளையின் அந்த நரம்பு செல்களை நேரடியாகத் தணிக்கும் ஃபெசோலினெட்டன்ட் 2023 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஹார்மோன் இல்லை. கல்லீரலைப் பாதிக்கும் அபாயம் இருப்பதால் தொடங்கும் முன்னும் அதன் பிறகு குறித்த இடைவெளிகளிலும் ரத்தப் பரிசோதனை அவசியம்.

மாத்திரையே வேண்டாம் என்பவர்களுக்கு, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்கிற மனப்பயிற்சி முறை. அனலின் எண்ணிக்கையைவிட அது தரும் அவதியையும் தூக்கக் கேட்டையும் குறைக்கிறது. முதலில் நானே இதை அவ்வளவு நம்பவில்லை. ஆனால் ஆதாரம் வலுவானது.

சோயா, மூலிகை மாத்திரை எல்லாம்?

வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையில் சோயாவையும் பிளாக் கோஹாஷ் என்ற மூலிகையையும் அனலுக்குப் பரிந்துரைக்கவில்லை. சோயாவை உணவாகச் சாப்பிடுவதில் தவறில்லை. மாத்திரையாக வரும் மூலிகைகளில் என்ன எவ்வளவு இருக்கிறது என்பது சீராக இருப்பதில்லை. மற்ற மருந்துகளோடு மோதவும் செய்யும். இயற்கை என்ற ஒரு வார்த்தையை வைத்துப் பாதுகாப்பை அளக்க வேண்டாம்.

ரெண்டுக்கும் சேர்த்து ஒரே மாத்திரை இல்லையா?

நல்ல கேள்வி. பாதிப் பதில்தான் உண்டு. ஆக்ஸிபியூட்டினின் என்ற மருந்து அவசரக் கசிவுக்குப் பல வருடமாகக் கொடுக்கப்படுகிறது. அனலையும் குறைக்கிறது என்று பிறகு தெரியவந்தது. அவசரமும் அனலும் சேர்ந்திருப்பவருக்குப் பொருந்தலாம். வாய் வறளும், மலச்சிக்கல் வரும். வயது ஏற ஏற நினைவாற்றலைப் பாதிக்கலாம் என்பதால் மூத்தவர்களுக்குத் தயங்கியே கொடுப்பார்கள். இருமினால் வரும் கசிவுக்கு இது கேட்காது.

அதற்கு டுலாக்ஸெடின் என்ற மருந்து ஐரோப்பாவில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. வேனலாஃபாக்சினின் அதே குடும்பம். குமட்டல் தாங்காமல் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்துவதையும் படிப்படியாகத்தான் செய்ய வேண்டும். பயிற்சிக்குப் பதிலாக முதலிலேயே இதை எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பிரஷர் மாத்திரை மாத்தினதுலேர்ந்துதான் கசிவு அதிகம். சம்பந்தம் இருக்கா?

இருக்கலாம். இதை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி. எனாலப்ரில், ராமிப்ரில் வகை மருந்துகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். ஒவ்வொரு இருமலுக்கும் கசியும். பிராசோசின், டாக்ஸாசோசின் வகை சிறுநீர்க் குழாயின் வாயையே தளர்த்திவிடும். சிறுநீர் பெருக்கும் மாத்திரை அவசரத்தைக் கூட்டும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்று மருந்து உண்டு, எழுதிக்கொடுத்தவரிடம் கேளுங்கள்.

ஆபரேஷன்னா வலை வைப்பாங்களாமே, அது ஆபத்தாமே?

1996-இல் ஸ்வீடன் மருத்துவர் உல்ம்ஸ்டென் அறிமுகப்படுத்திய முறை: சிறுநீர்க் குழாயின் நடுப்பகுதிக்குக் கீழே மெல்லிய செயற்கை நாடா. சிறிய அறுவை, நல்ல பலன், அதனால் வேகமாகப் பரவியது. சிலருக்கு நாடா அரித்து வெளியே வருவது, தீராத வலி, சிறுநீர் கழிக்கச் சிரமம் என்று சிக்கல்கள் வந்தன. பிரிட்டனில் 2018 ஜூலையில் இதைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். அமெரிக்காவில் 2019-இல் விற்பனை நிறுத்தப்பட்டது, சிறுநீர்ப்பை, கருப்பை போன்ற இடுப்பு உறுப்புகளின் இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் பெரிய வலை. இந்த நாடா அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பயம்.

நாடா இல்லாத வழிகளும் உண்டு. நம் உடம்பிலிருந்தே எடுத்த திசுவால் தாங்கு போடுவது, பர்ச் முறையில் மேலே தூக்கித் தைப்பது, சிறுநீர்க் குழாயின் சுவரில் ஊசி மூலம் நிரப்பி அதைக் குறுக்குவது. ஊசி எளிது, ஆனால் பலன் நாளடைவில் குறையும். எதுவானாலும் மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகுதான் இந்தப் பேச்சு. மருத்துவரிடம் கேட்க வேண்டியது: இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், சிக்கல் வந்தால் நாடாவை எடுக்க உங்களால் முடியுமா?

கருப்பையை எடுத்துட்டாங்க. எனக்கு மாதவிடாயே இல்லை, மெனோபாஸ் எப்படித் தெரியும்?

சினைப்பைகளை வைத்திருந்தார்களா என்று அறுவைக் குறிப்பில் பாருங்கள். அவற்றையும் எடுத்திருந்தால் அன்றே மெனோபாஸ்தான். அனல் சட்டென்றும் கடுமையாகவும் வரும். வைத்திருந்தால் வயதுக்கேற்ப அறிகுறிகளை வைத்துத்தான் கணிக்க வேண்டும். இந்த நிலையில் ரத்தப் பரிசோதனை சில நேரம் உதவும். இளம் வயதில் சினைப்பைகளை எடுத்தவர்கள் ஹார்மோன் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும்.

எப்போ காத்திருக்கக் கூடாது?

மெனோபாஸுக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும். சிறுநீரில் ரத்தம். எரிச்சலோடு காய்ச்சல். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது நிற்காமல் சொட்டிக்கொண்டே இருப்பது. கால் பலவீனத்தோடு, உட்காரும் இடம் மரத்துப்போய் கசிவு திடீரென்று வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதுகுத்தண்டு நரம்பு நசுங்கியிருக்கலாம்.

இரவு வியர்வையோடு எடைக் குறைவு, காய்ச்சல், நீடித்த இருமல் இருந்தால் அதை மெனோபாஸ் கணக்கில் எழுதிவிடாதீர்கள். காசநோய், ரத்த நோய்கள், தைராய்டு மிகைச் சுரப்பு எல்லாம் இப்படி வரும்.

டாக்டர்கிட்ட போய் இதை எப்படி ஆரம்பிக்கறது? வெட்கமா இருக்கே.

எழுதிக்கொண்டு போங்கள். மூன்று நாள் நோட்டு: எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள், ஓர் அளவுக் குவளையில் எவ்வளவு வந்தது, எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். அதே தாளின் ஓரத்தில் அனல் வந்த நேரம், இரவில் எழுந்த நேரம். எடுக்கும் மருந்துகள், பிரசவங்கள், அறுவைகள் அடியில். அதை மேசைமேல் வைத்தால் பாதிப் பேச்சு முடிந்தது. “இதெல்லாம் இருக்கும்மா, வயசு” என்று அனுப்பிவைத்தால், “என்ன வகைக் கசிவு, பயிற்சிக்கு யாரிடம் போகணும், அனலுக்கு எனக்கு ஹார்மோன் கொடுக்கலாமா கூடாதா” என்று மூன்றையும் கேட்டுவிட்டு எழுந்திருங்கள். பதில் வராவிட்டால் அதே நோட்டோடு இன்னொரு மருத்துவரிடம் போங்கள்.